பெயரில் மட்டும் தறி!

சென்னையிலே பேட்டைகளுக்குப் பஞ்சமில்லை. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயப்பேட்டை, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றிலே ஒன்று சிந்தாதிரிப்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகிறவர் அதை அறிவார். பழுதான ரேடியோவுக்கு உதிரி உறுப்பு தேடிப் போகிறவர் அறிவார். மே முதல் நாள் கொடி பிடித்துப் போகிற தோழர் நிச்சயம் அறிவார். ஆனால் அந்தப் பெயருக்குள்ளே ஒரு தறி ஒளிந்துகொண்டிருக்கிறதே, அதை எத்தனை பேர் அறிவார்?

சின்னத் தறிப் பேட்டை! சிறு தறிகள் நிறைந்த ஊர் என்பது பொருள். அந்தப் பெயர் வாய்க்கு வாய் தேய்ந்து, வெள்ளைக்காரர் நாவிலே நசுங்கி, சர்க்கார் காகிதத்திலே ஏறி, மறுபடி தமிழுக்கு இறங்கி வந்தபோது சிந்தாதிரிப்பேட்டை ஆகியிருந்தது. சிந்தை என்றும் ஆதிரை என்றும் பிரித்துப் பார்த்துப் பொருள் தேடும் புலவர் பெருமக்கள் சிரமப்பட வேண்டாம். விண்மீனைப் பார்த்து வைத்த பெயரல்ல இது. வேலையைப் பார்த்து வைத்த பெயர்.

ஊர் கிடக்கும் கிடையை முதலில் பார்ப்போம். ஏன் அங்கே பிறந்தது என்பதற்கான விடையில் பாதி மண்ணிலேயே இருக்கிறது. மேற்கேயிருந்து எழும்பூர் வழியாக வருகிற கூவம், கடலுக்கு இன்னும் சிறிது தூரமே இருக்கையில், நேரே போய்ச் சேராமல் புதுப்பேட்டையைச் சுற்றுகிறது. பிறகு வடக்கே ஏறி ஒரு வளைவு வளைந்து, அதற்கப்புறந்தான் கிழக்கே தீவுத்திடலை நோக்கித் திரும்புகிறது. அந்த வளைவின் மடியிலே உட்கார்ந்திருக்கிறது பேட்டை. மூன்று பக்கம் ஆறு. நான்காவது பக்கம் மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை. சிம்சன் எதிரே பெரியார் சிலையருகே பஸ்ஸை விட்டிறங்கிப் புகுந்தால், அருணாசல நாயக்கன் தெரு, அய்யா முதலி தெரு, சாமி நாயக்கன் தெரு எல்லாவற்றையும் கால்நடையாகவே பார்த்துவிட்டுத் திரும்பலாம். அவ்வளவு சின்ன இடம். கோட்டைக்கு அருகில், ஆனால் கோட்டைக்கு வெளியில். அந்தத் தூரத்தை அளந்துதான் இடம் பிடித்தார்கள்.

யார் பிடித்தார்கள்? கும்பினியார்!

ஆண்டு 1734. கவர்னர், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்ற துரை. கும்பினி அப்போது நாடாளும் சர்க்கார் ஆகிவிடவில்லை; கடற்கரையிலே ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டு துணி வாங்கிக் கப்பலேற்றும் கடைக்காரன், அவ்வளவுதான். கப்பல் வந்து நிற்கிறது. ஏற்றத் துணி போதவில்லை. நெசவாளர்களோ நாட்டுப்புறத்திலே சிதறிக் கிடக்கிறார்கள். ஓரிடத்தில் பிடிக்கவில்லை என்றால் தறியைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'உன் சங்காத்தமே வேண்டாம்' என்று நடந்துவிடும் துணிவு அன்றைய நெசவாளியிடம் இருந்தது. வாங்குவதற்கோ ஒருவருக்கு நால்வர்: ஆங்கிலேயன், டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன், உள்நாட்டு வணிகன்.

அப்படிப்பட்டவனை அதட்டி வேலை வாங்க முடியுமா? அழைத்துத்தான் வாங்க வேண்டும். இடம் தருகிறோம், நிழல் தருகிறோம், தண்ணீர் இருக்கிறது, வந்து குடியிரு என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பே, காலட் என்ற கவர்னர் காலத்தில், திருவொற்றியூர்ப் பக்கத்திலே இப்படி ஒரு நெசவாளர் குடியிருப்பை வைத்துப் பார்த்தார்கள். காலடிப்பேட்டை என்று நாம் சொல்வது அந்தக் காலட் துரையின் பெயர்தான். எந்த மகானின் காலடியும் அங்கே பட்டு அந்தப் பெயர் வரவில்லை! அந்தச் சோதனையின் பெரிய பதிப்புதான் சின்னத் தறிப் பேட்டை.

இங்கே ஒரு வேடிக்கை, கசப்பான வேடிக்கை. நம் நாட்டுத் துணிக்காக இப்படி அலைந்த ஆங்கிலேயர், தங்கள் சொந்த நாட்டிலே அதை உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். 1721-ஆம் ஆண்டுச் சட்டம், சாயமும் அச்சும் ஏறிய பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்துவதையே குற்றமாக்கிற்று. அதற்கு முன் லண்டன் நெசவாளர்கள், வயிற்றுப் பிழைப்புப் போகிறதே என்ற ஆத்திரத்தில், பருத்தி உடுத்திய பெண்களைத் தெருவிலே மறித்துத் துணியைக் கிழித்தார்கள். அவர்களுடைய பசி உண்மையான பசி. ஆனால் ஆத்திரம் பாய்ந்த இடம் எது? துணியை விற்று லாபம் குவித்தவனுடைய மாளிகையல்ல. தெருவிலே போன பெண்ணின் முதுகு! கும்பினிக்கு நட்டமுண்டா? இல்லை. இங்கிலாந்தில் விற்கக் கூடாதென்றால் லண்டனில் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். பிற ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார்கள். அந்தக் கரையிலே அடிமை வியாபாரி கறுப்பின மக்களை விலைக்கு வாங்கியபோது, கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று. தன் துணி எங்கே போய், எதற்கு விலையாகிறது என்பது தறியில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிய வழியில்லை.

பேட்டைக்கு வருவோம். ஆற்று வளைவிலே ஒரு தோட்டம் இருந்தது. கும்பினிக்குத் தலைமை வணிகராக இருந்து செல்வாக்கிழந்த சுங்குராமனுடைய தோட்டம். ஜார்ஜ் டவுனிலே இவர் பெயரில் இன்றும் தெரு உண்டு. மரங்கள் அடர்ந்த இடம். 'இதுதான் வேண்டும்' என்றது கும்பினி, எடுத்துக்கொண்டது. தலைமை வணிகரின் தோட்டத்துக்கே அந்தக் கதி என்றால், மற்றவர் நிலத்தின் கதி சொல்ல வேண்டியதில்லை.

மரம் எதற்கு? கைத்தறி தெரிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவருக்காகச் சொல்கிறேன். தறியிலே உட்கார்ந்து நாடாவை வீசுவது மட்டுமல்ல நெசவு. அதற்கு முன்னே பாவை நீளமாக இழுத்துக் கட்ட வேண்டும். கஞ்சி போட வேண்டும். இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். இதற்குத் தெரு வேண்டும், நேரான தெரு. வெயில் சுரீரென்று அடித்தால் இழை முறுகி அறுந்துபோகும். ஆகவே நிழல் வேண்டும். சாயக்காரருக்கும் வெளுப்போருக்கும் தண்ணீர் வேண்டும். அன்றைய கூவம் தண்ணீர் ஓடிய ஆறு என்பதை இன்றைய வாசகர் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது நம்பித்தான் ஆக வேண்டும்!

யார் யார் குடியிருக்கலாம் என்பதற்கும் கட்டளை போட்டார்கள். நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் எழுதுவோர், வெளுப்போர், சாயமிடுவோர், துணி வணிகர். பிறகு கோயிலுக்கு வேண்டிய அர்ச்சகரும் ஆடல் மகளிரும் பணியாட்களும். வேறு ஆளுக்கு இடமில்லை. ஊர் என்ற பெயரில் கூரையில்லாத தொழிற்சாலை ஒன்றைத் திறந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. பிட் துரையின் துபாஷியான ஆதியப்ப நாராயண செட்டி, சிவனுக்கொன்றும் பெருமாளுக்கொன்றுமாக இரட்டைக் கோயில் எழுப்பினார். ஆதிபுரீசுவரர், ஆதிகேசவப் பெருமாள் என்ற பெயர்களிலே கட்டியவரின் பெயரும் கலந்து ஒலிக்கிறது. சைவமா வைணவமா என்ற சண்டைக்கே இடம் வைக்காமல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். கோயில் இருந்தால் குடி நிலைக்கும், குடி நிலைத்தால் துணி வரும் என்ற வியாபாரக் கணக்கு அதிலே இல்லாமலா இருந்திருக்கும்?

ஆக, கவர்னர் பெயர் ஏட்டில் இருக்கிறது. தோட்டத்தைப் பறிகொடுத்தவர் பெயர் இருக்கிறது. கோயில் கட்டிய துபாஷியின் பெயர் இருக்கிறது. தெருக்களுக்கு நாயக்கர் பெயரும் முதலியார் பெயரும் வந்து சேர்ந்தன. குழித்தறியிலே காலைத் தொங்கவிட்டு, முதுகு கூனி, விளக்கு வைக்கும் நேரம் வரை நெய்தானே, அவன் பெயர்? அவன் மனைவி நூல் சுற்றினாள், மகள் கஞ்சி காய்ச்சினாள், மகன் இழை பிடித்தான், அவர்கள் பெயர்? அது எங்கும் இல்லை. ஊரின் பெயருக்குள்ளே 'தறி' என்ற இரண்டெழுத்தாக மட்டும் தங்கியிருக்கிறது.

பிறகு யுத்தங்கள் வந்தன. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749-இல் ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தனர். 1758-இல் லாலி படையோடு வந்து முற்றுகையிட்டான். மறு ஆண்டு தோற்றுப் போனான். இவையெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் விரிவாக உண்டு. புத்தகத்தில் சிறிய எழுத்தில்கூட வராத ஒரு மாறுதலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். யுத்தங்களில் வென்ற கும்பினி, கடைக்காரன் வேடத்தைக் கலைத்துவிட்டு ராஜா வேடம் கட்டிக்கொண்டது. அதோடு நெசவாளியிடம் பேசுகிற குரலும் மாறிற்று. முன்பு 'வா' என்று அழைத்தவன், 'எங்கே போகிறாய்?' என்று மிரட்டினான். மற்றவருக்கு நெய்யக் கூடாது என்று தடை. தறியைக் கண்காணிக்கச் சேவகன். விலையை வைப்பவனும் அவனே, துணியைத் தரம் பிரித்துக் கழிப்பவனும் அவனே. தறியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவதாகிய ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். தொழிற்சங்கத்தில் இருக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். உழைப்பாளியிடம் 'மாட்டேன்' என்று சொல்லும் வலிமை இருந்த வரையில் ஊர் கட்டிக் கொடுத்தான். அது போனதும் காவல் போட்டான்.

அப்புறம் லங்காஷயர் ஆலைகள் புகை கக்கின. 1813-இல் இந்திய வியாபாரம் கும்பினியின் ஏகபோகம் என்பதும் போயிற்று. இங்கிருந்து துணி ஏற்றிப் போன கப்பல்கள் அங்கிருந்து துணியும் நூலும் ஏற்றி வந்தன. சின்னத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பேட்டை இருந்தது, தறி போயிற்று.

காலி இடம் காலியாகவே இருக்குமா? 1836-இல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே ஒரு சின்ன ரயில் பாதை போட்டுச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு அது செங்குன்றம் வரை சென்ற கல் ரயிலாக வளர்ந்தது. சென்னைச் சாலைகளுக்குக் கருங்கல் கொண்டுவர, பின்னாளில் கோதாவரி அணையால் பேர்பெற்ற ஆர்தர் காட்டன் போட்ட பாதை அது. பம்பாயிலிருந்து தானா வரை 1853-இல் ஓடியதுதான் இந்தியாவின் முதல் ரயில் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பயணிகளுக்கு அது முதல், சரி. சுமைக்கு? அந்தப் பெருமை இந்தக் கூவக்கரைக்கு உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

அதே 1836-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வின்சுலோ என்ற அமெரிக்கப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். பேட்டையிலே 1847-இல் சீயோன் ஆலயம் எழுந்தது. வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் வெளிவந்தது. 67,000-க்கு மேற்பட்ட சொற்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தமிழ்ப் புலவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுத்தும் திருத்தியும் தந்த உழைப்பு அதிலே அடங்கியிருக்கிறது. அட்டையிலே ஒரு பெயர். உள்ளே பலர் உழைப்பு. தறிக்கு நேர்ந்தது சொல்லுக்கும் நேர்ந்தது!

மவுண்ட் ரோட்டிலே 1840-இல் சிம்சன் வந்தது. முதலில் சேணமும் கோச்சு வண்டியும், பிறகு மோட்டார். பட்டறைகளும் அச்சகங்களும் கடைகளும் பெருகின. இப்போது பேட்டையின் விளிம்பிலே ரிச்சி தெரு. மின்னணுச் சாமானுக்கு டில்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய சந்தை என்று அதைச் சொல்கிறார்கள். உள்ளங்கை அகலக் கடைக்குள்ளே உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, மயிரிழை போன்ற கம்பியைப் பற்றவைக்கும் இளைஞனைப் பாருங்கள். இழை மாறியிருக்கிறது, முதுகு கூனுவது மாறவில்லை. 1995-இல் பறக்கும் ரயில் நிலையம் வந்தது. 2019-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து மவுண்ட் ரோட்டின் கீழே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிற்று. கும்பினித் துணியை வெளுத்தவர் பேட்டைக்கும் நெய்தவர் பேட்டையின் வாசலுக்கும் சுரங்கத்திலே உறவு! அந்த உறவுக்காகப் பேட்டையின் பூங்காவிலே ஒரு பகுதி பல ஆண்டு தகரம் அடித்து மூடிக்கிடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரயில் வந்தால் நிலத்துக்கு விலை ஏறும். விலை ஏறினால் ஆற்றங்கரைக் குடிசை கண்ணை உறுத்தும். கூவத்தைச் சீரமைக்கும் திட்டத்திலே, ஆற்றோரம் முழுவதிலும் அகற்றப்பட வேண்டியவை என்று கணக்கெடுத்த குடும்பங்கள் 14,000-க்கு மேல். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேகம் கூடிற்று. பேட்டைக்குச் சற்றுக் கீழே, தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகரிலிருந்து, 2019 டிசம்பரில் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். ஏறத்தாழ 25 கிலோமீட்டர்! பள்ளியில் அரையாண்டுத் தேர்வு வரும் மாதத்திலா வீட்டை இடிப்பது என்று கேட்டவர்களுக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

வெள்ளத்திலே உயிர் போகக் கூடாது என்பது சரி. ஆறு சுத்தமாக வேண்டும் என்பதும் சரி. ஆனால் ஆற்றை நாறடித்தது யார்? நகரத்தின் நாலா பக்கத்துச் சாக்கடையும் வந்து விழுகிற குழாயா, அதன் பக்கத்திலே மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த குடிசையா? 1970-இல் குடிசை மாற்று வாரியம் கண்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது கூப்பிடு தூரத்திலே, மாடி வீடு கட்டித் தருவதுதான் எண்ணமாக இருந்தது. பல இடங்களில் அப்படியே கட்டவும் கட்டினார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள். எந்தக் கட்சி நாற்காலியில் இருந்தாலும் லாரி அதே திசையில்தான் போயிற்று. இதை நம்மவர்களிடமும் சொல்லத்தான் வேண்டும். வெளியாரிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை.

வியாபாரப் பேராசை பிடித்த கும்பினிக்காரனே 1734-இல் ஒன்றைப் புரிந்துவைத்திருந்தான்: உழைப்பாளி வேலைக்கு அருகில் இருக்க வேண்டும். அவன் ஈவிரக்கத்தால் அல்ல, லாபத்தால் அறிந்த உண்மை அது. விடியுமுன் மீன் மார்க்கெட்டிலே கத்தி பிடிக்க வேண்டிய அம்மாள் பெரும்பாக்கத்தில் எத்தனை மணிக்கு எழுந்தால் இங்கே வந்து சேர முடியும்? வீட்டு வேலைக்குப் போகிறவள் பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மிச்சம் எவ்வளவு? கணக்குப் போடத் தெரிந்த அதிகாரிகள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

பேட்டையின் பூங்கா என்றேனல்லவா? அதற்கு நேப்பியர் பூங்கா என்று பெயர் இருந்தது. 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த துரையின் பெயர். சிங்காரவேலர் 1923-இல் இந்த நகரத்துக் கடற்கரையிலே மே தினம் கொண்டாடியது நாமறிந்த வரலாறு. மே தினத்தின் நூற்றாண்டான 1990-இல், கவர்னர் பெயரை எடுத்துவிட்டு மே தினப் பூங்கா என்று பெயரிட்டு, நினைவுச் சின்னமும் நிறுத்தினார்கள். துபாஷிக்கும் துரைக்கும் கிடைத்த மரியாதை உழைப்புக்குக் கிடைக்க 250 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அந்தச் சின்னத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போகிற இடம் மட்டுமா அது? 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. நாலு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்று சர்க்கரை பூசினார்கள். தொழிற்சங்கங்கள் கொடி நிறம் பாராமல் எதிர்த்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகள் அவையைவிட்டு வெளியேறின. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமே கூடாது என்றது. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள். மே முதல் நாள், மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அறிவித்த இடம் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா.

அந்த மசோதா தொழிற்சாலைக்கு. தொழிற்சாலை இல்லாதவன் கதை வேறு. உச்சி வெயிலிலே அதே பூங்காவின் ஓரத்து மர நிழலைப் பாருங்கள்: மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி, முதுகுப் பெட்டியைக் கழற்றாமலே, கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கிறான், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகிற இளைஞன். நாட்கூலியும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை, உருப்படிக்கு இவ்வளவு. இத்தனை மணிக்கு மேல் ஓட வேண்டாம் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. மணி அடிக்கிறது, எடுத்துக்கொண்டு கூவப் பாலத்தைத் தாண்டிப் பறக்கிறான்.